ஸ்கூட்டரில் வரும் ஆசிரியருக்கு ஒரு ஜாக்கெட்

சென்ற நவம்பரில் ஒரு மாலை. பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பை முடித்துவிட்டு அடையாறிலிருந்து மயிலாப்பூருக்கு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தேன். மணி ஆறேகால். நவம்பரில் சென்னையில் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். போதாக்குறைக்குத் தூறல் வேறு. திரு.வி.க. பாலம் தாண்டி, மெட்ரோ ரயில் வேலைக்காக வைத்திருந்த தடுப்புகளை ஒட்டி மந்தைவெளிப் பக்கம் வரும்போது, பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு கார் சாலைக்குள் நுழைந்தது. பிரேக் பிடித்தேன். ஈரச் சாலையில் வண்டி சறுக்கியது. வலது முழங்கையும் தோளும் தரையில் உரச, கொஞ்ச தூரம் இழுபட்டுத்தான் நின்றேன்.

காரை ஓட்டியவர் பதறி ஓடி வந்தார். "சத்தியமா நீங்க வந்ததே தெரியல மேடம்" என்றார். சுற்றி நின்றவர்கள் அவரைத் திட்டினார்கள். அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்கு அன்று இரவுதான் உறைத்தது. நான் போட்டிருந்தது கருநீல மழைக்கோட்டு, கறுப்பு ஹெல்மெட். முதுகில் கறுப்புப் பை, அதற்குள் திருத்த வேண்டிய நோட்டுகள். அன்று காலைதான் ஒன்பதாம் வகுப்பில் ஒளி எதிரொளிப்பு நடத்தியிருந்தேன்!

எலும்பு முறியவில்லை. ஆனால் மூன்று வாரம் தோளுக்கு மேல் கையைத் தூக்க முடியவில்லை. கரும்பலகையில் மேல்பாதியை ஒரு மாணவிதான் எழுதிப்போட்டாள். தேறியதும் ஒரு ஜாக்கெட் வாங்கலாம் என்று கிளம்பினேன். அதில் கற்றுக்கொண்டதையும், முதலில் செய்த தவறையும் இங்கே எழுதுகிறேன். நம்மில் பெரும்பாலோர் இருசக்கர வாகனத்தில்தான் பள்ளிக்கு வருகிறோம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். தமிழ்நாட்டில் அந்த ஆண்டு சாலையில் இறந்தவர்கள் 17,884 பேர்.

முதல் தவறு, பெயரில் ஏமாந்தது. கடையில் "சேஃப்டி ஜாக்கெட்" என்று கேட்டால், சில நூறு ரூபாய்க்கு, பளிச்சென்ற மஞ்சள் பச்சை நிறத்தில் வெள்ளிப் பட்டை வைத்த, கையில்லாத வலைத்துணி மேலங்கியைத் தருவார்கள். போக்குவரத்துக் காவலர்களும் சாலைப் பணியாளர்களும் அணிவது அதுதான். நல்ல பொருள். ஆனால் அது நம்மைப் பிறர் கண்ணில் படவைக்கும், விழுந்தால் காப்பாற்றாது. இன்னொரு பக்கம், ஜி.பி. ரோட்டுக் கடைகளில் பைக் ஓட்டுபவர்களுக்கென்று தொங்கும் தடித்த ஜாக்கெட்டுகள் விழுந்தால் காப்பாற்றும். ஆனால் பாதிக்கு மேல் கறுப்பு. மாலை ஆறரைக்கு அதைப் போட்டுக்கொண்டு போனால் என் மழைக்கோட்டு கதைதான். கண்ணில் படுவது ஒரு வேலை, அடியைத் தாங்குவது வேறு வேலை. இரண்டும் ஒரே துணியில் இருக்கிறதா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

கண்ணில் படுவதை முதலில் எடுத்துக்கொள்வோம். மணிக்கு 40 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 11 மீட்டர். நம்மைப் பார்த்த ஓட்டுநர் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்தால், அதற்குள் வண்டி 17 மீட்டர் வந்துவிடும். காய்ந்த சாலையில் நிற்க இன்னும் 12 மீட்டர் வரை ஆகலாம். ஆக 29 மீட்டருக்கு அப்பாலேயே அவர் நம்மைப் பார்த்திருக்க வேண்டும். மழையில் இன்னும் அதிகம்.

பளிச்சிடும் மஞ்சளும் ஆரஞ்சும் சாதாரணச் சாயமல்ல. கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர்களை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றி வெளியே விடும் ஃபுளோரசன்ட் சாயம் அது. அதனால்தான் தன்மேல் விழும் வெளிச்சத்தைவிட அதிகம் தருவதுபோல் தெரிகிறது. மேகமூட்டத்திலும் அந்தி நேரத்திலும் மற்ற நிறங்கள் மங்கும்போது இது மட்டும் எடுப்பாக நிற்கும். ஆனால் இருட்டிய பிறகு இந்த வித்தை பலிக்காது. தெருவிளக்கிலும் கார் விளக்கிலும் புறஊதாக் கதிர் ஏறக்குறைய இல்லை. இரவுக்கு வேண்டியது அந்த வெள்ளிப் பட்டை.

பட்டையில் இருப்பவை மிகச்சிறு கண்ணாடி மணிகள். உள்ளே நுழையும் ஒளி விலகி, மணியின் பின்புறத்தில் எதிரொளித்து, மீண்டும் விலகி, வந்த திசையிலேயே திரும்பிவிடும். கண்ணாடியில் பட்ட ஒளி வேறு பக்கம் போகும். இது ஒளி அனுப்பியவரிடமே போகும். கார் விளக்குக்கு அருகில்தான் ஓட்டுநரின் கண் இருக்கிறது. எனவே அவருக்குப் பட்டை எரிவதுபோல் தெரியும், பக்கத்தில் நிற்பவருக்கு வெறும் சாம்பல் நிறம். கடையில் விளக்கடியில் பார்த்துப் பட்டையின் தரத்தைச் சொல்ல முடியாது. கைபேசி டார்ச்சைக் கண்ணை ஒட்டிப் பிடித்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்று பாருங்கள். வெறும் வெள்ளி நிறப் பூச்சு அடித்த போலிப் பட்டை அப்போது அகப்பட்டுவிடும்.

இதை எங்கள் பள்ளி வராந்தாவில் மாணவர்களை வைத்துச் செய்து பார்த்தேன். மாலையில் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு பையனைக் கோடியில் நிறுத்தி, மற்றவர்கள் டார்ச்சை முதலில் இடுப்பருகே, பிறகு கண்ணருகே பிடித்துப் பார்த்தார்கள். இடுப்பருகே பிடித்தபோது பட்டை மங்கியது, கண்ணருகே கொண்டு வந்ததும் பளீரென்றது. பையன் பக்கவாட்டில் திரும்பியபோது கையில்லாத மேலங்கியின் பட்டை கைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. எனக்கு நேர்ந்தது அதுதானே! கார் பக்கத்துத் தெருவிலிருந்து வந்தது. பக்கத்திலிருந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது நம் கை. கையைச் சுற்றிப் பட்டை ஓடும் ஜாக்கெட் வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன்.

பணியாளர்களுக்கான எச்சரிக்கை உடைகளுக்கு ஐஎஸ்ஓ 20471 என்ற பன்னாட்டுத் தரமும், ஐஎஸ் 15809 என்ற இந்தியத் தரமும் உண்டு. பன்னாட்டுத் தரத்தில் பட்டையின் அகலம் 5 செ.மீ.க்குக் குறையக் கூடாது. இரண்டாம் வகுப்பு உடையில் பளிச் நிறம் அரை சதுர மீட்டரும் பட்டை 0.13 சதுர மீட்டரும் இருக்க வேண்டும். பைக் ஜாக்கெட்டில் அழகுக்காக வைக்கும் விரல் அகலக் கோடுகள் இந்தக் கணக்குக்கு அருகில்கூட வராது.

இதெல்லாம் உண்மையில் உதவுமா என்று கேட்கலாம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 1993 முதல் 1996 வரை விபத்தில் சிக்கிய மோட்டார் சைக்கிள் ஓட்டிகளையும் சிக்காதவர்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2004-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. பளிச்சிடும் உடையோ எதிரொளிக்கும் உடையோ அணிந்தவர்களுக்கு விபத்துக் காயம் ஏற்படும் வாய்ப்பு 37 சதவீதம் குறைவு. கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட வெள்ளை ஹெல்மெட்டுக்கு 24 சதவீதம் குறைவு. இத்தகைய உடை அணிபவர்கள் இயல்பிலேயே நிதானமானவர்களாக இருக்கலாம். ஆகவே முழுப் பெருமையையும் துணிக்குக் கொடுத்துவிட முடியாது. இருந்தாலும் அடுத்த ஹெல்மெட்டை வெள்ளையில் வாங்கக் கூடுதலாக ஒரு காசும் ஆகாது. நான் வாங்கிவிட்டேன், ஐஎஸ்ஐ முத்திரை பார்த்துத்தான்.

இனி அடியைத் தாங்கும் வேலை. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் விழுந்து சறுக்கினால், உராய்வுக் கெழு 0.6 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள், பத்து மீட்டருக்கு மேல் வரும். ஒரு வகுப்பறையைத் தாண்டும் தூரம் அது. பருத்திப் புடவையோ சட்டையோ தார்ச்சாலையில் அவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்காது. தடித்த பாலியஸ்டர், நைலான் நெசவு, தோல் ஆகியவை தாங்கும். ஐரோப்பியத் தரமான ஈஎன் 17092 மோட்டார் சைக்கிள் உடைகளை ஏஏஏ, ஏஏ, ஏ என்று பிரிக்கிறது. ஏஏஏ மிக உறுதியானது, கனமும் வெப்பமும் அதிகம். நகருக்குள் பள்ளிக்குப் போய் வர ஏ அல்லது ஏஏ போதும் என்பது என் எண்ணம்.

முழங்கை, தோள், முதுகு ஆகிய இடங்களில் உள்ளே பேட் இருக்கும். கடைக்காரர்கள் 'ஆர்மர்' என்பார்கள். பத்தாம் வகுப்பில் கணத்தாக்கு நடத்தும்போது, பந்தைப் பிடிக்கும் வீரர் கையைப் பின்னுக்கு இழுப்பதைச் சொல்கிறோமே, பேட் செய்வதும் அதுவே. மோதல் நேரத்தை நீட்டி விசையைக் குறைக்கிறது. ஈஎன் 1621-1 என்ற தரத்தில் 50 ஜூல் ஆற்றலில், அதாவது 5 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டதுபோல, பேட்டை அடிக்கிறார்கள். அதைக் கடந்து வரும் விசை சராசரியாக 35 கிலோ நியூட்டனுக்குள் என்றால் லெவல் 1, 20-க்குள் என்றால் லெவல் 2. இந்த எண் பேட்டின் மேலேயே அச்சாகியிருக்கும். கடையில் கூச்சப்படாமல் பையைத் திறந்து பேட்டை வெளியே எடுங்கள். நான் பார்த்தவற்றில் சிலவற்றின் முதுகில் எந்த எண்ணும் இல்லாத சாதாரணக் கறுப்புப் பஞ்சுதான் இருந்தது. நல்ல முதுகு பேட் தனியாக வாங்கிச் செருகிக்கொள்ளலாம்.

அளவு பார்க்கும்போது நிமிர்ந்து நின்று பார்த்தால் ஏமாந்துபோவோம். வண்டியில் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்த நிலையில் முழங்கை பேட் முழங்கையின் மேல் இருக்கிறதா, பிடித்துத் திருப்பினால் நழுவுகிறதா என்று பாருங்கள். தொளதொளவென்ற ஜாக்கெட்டில் பேட் விழும்போது விலகிவிடும். பெண்களுக்கென்று தைத்ததை வாங்குவது நல்லது. ஆண்கள் அளவில் சிறியதை எடுத்தால் தோள் சரியாக இருக்கும், இடுப்பில் பிடிக்கும். புடவை கட்டுபவர்களுக்கும் துப்பட்டா போடுபவர்களுக்கும் இதில் ஒரு லாபம் உண்டு. முந்தானையை உள்ளே விட்டு ஜிப் போட்டுவிட்டால் அது சக்கரத்தில் சிக்குமோ என்ற பயம் இல்லை.

"இந்த வெயிலில் யாரு போடுவா டீச்சர்?" என்று ஆசிரியர் அறையில் எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2003 மே மாதம் 45 டிகிரி பதிவான ஊர் இது. மெஷ் என்னும் வலைத்துணி ஜாக்கெட்தான் இங்கே சாத்தியம். வண்டி ஓடும்போது காற்று உள்ளே புகும். பனகல் பூங்கா சிக்னலில் நிற்கும்போது வேர்க்கும், அதை மறைக்க விரும்பவில்லை. கறுப்பைவிட வெளிர் நிறம் சூடு குறைவு. ஆக, கண்ணில் படும் நிறமே வெயிலுக்கும் ஏற்றது. பள்ளிக்கு வந்ததும் கழற்றி நாற்காலியில் மாட்டிவிடுகிறேன். ஆறு கிலோமீட்டர்தானே என்று பொறுத்துக்கொள்கிறேன்.

விலையும் சுடும். பேட் உள்ள நல்ல ஜாக்கெட் ஐந்தாயிரத்தைத் தாண்டும். உடனே முடியாதவர்கள் முதலில் தரமான ஹெல்மெட், மூடிய காலணி, கையுறை, பளிச் மேலங்கி என்று தொடங்கலாம். கறுப்பு ஜாக்கெட் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அதன் மேல் மேலங்கியை மாட்டினாலே போதும். ஜாக்கெட் அணியச் சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. பிரான்சில் 2016 ஜனவரி முதல் மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் ஒளிரும் மேலங்கியைக் கூடவே வைத்திருக்க வேண்டும்.

வாங்கிய பிறகு நாமே அதை மறைத்துவிடுகிறோம் என்பதுதான் வேடிக்கை. நோட்டு மூட்டை முதுகில் ஏறியதும் பின்பக்கப் பட்டை காணாமல் போகும். பைக்கு மேல் போடும் பளிச் நிற உறை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மழைக்கோட்டு எல்லாவற்றையும் மூடிவிடும். அதை மஞ்சளில், பட்டையோடு வாங்குங்கள். கண்ணாடி மணிகள் நனைந்தால் பட்டையின் ஒளி குறையும் என்பதால் மழையில் நிறத்துக்கும் வேலை இருக்கிறது. பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின்னே வருபவர் பார்ப்பது அவருடைய முதுகைத்தான். பிள்ளையைப் பின்னால் ஏற்றிப் பள்ளிக்கு வரும் பெற்றோரிடம் இதைச் சொல்லலாம். நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பதையும், ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையான குழந்தைக்கு ஹெல்மெட்டும் ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டையும் வேண்டும், வேகம் 40 கி.மீ.க்கு மேல் கூடாது என்று 2023 பிப்ரவரி முதல் விதி இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பலருக்குத் தெரியவில்லை.

துவைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபுளோரசன்ட் சாயம் வெயிலில் வெளுக்கும். வண்டி சீட்டில் போட்டுவிட்டுப் போகாதீர்கள், நிழலில் உலர்த்துங்கள். எத்தனை முறை துவைக்கலாம் என்று சில உடைகளின் உள் லேபிளில் போட்டிருக்கும். பட்டையைப் பிரஷ் போட்டுத் தேய்த்தால் மணிகள் உதிர்ந்துவிடும். துவைக்கும் முன் பேட்களை எடுத்துவிட வேண்டும். திரும்பச் செருகும்போது எந்தப் பக்கம் மேலே என்று பாருங்கள். முழங்கை பேட்டைத் தலைகீழாகச் செருகிவிட்டு, ஏதோ குத்துகிறதே என்று இரண்டு நாள் வண்டி ஓட்டியிருக்கிறேன்.