பாட்டியின் பெட்டியில் புது நாகரிகம்!

"பழைய பட்டுச் சேலை இருக்கா? ஜரிகைச் சேலை இருக்கா?"

தெருவில் குரல் கேட்கிறது. பாட்டியின் பெட்டி திறக்கப்படுகிறது. மடிப்பில் கிழிந்துபோன சேலை ஒன்று வெளியே வருகிறது. வந்தவர் சேலையைப் பார்ப்பதில்லை. ஜரிகையைத்தான் பார்க்கிறார். உரசுகிறார். ஒரு விலை சொல்கிறார். பணம் கைமாறுகிறது. சேலை மூட்டைக்குள் போகிறது.

பிறகு அது என்ன ஆகிறது? நெருப்புக்குப் போகிறது!

அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. சேலையை எரித்தால் பட்டு சாம்பலாகும். வெள்ளி மிஞ்சும். அந்த வெள்ளிக்குத்தான் விலை.

சரி, வெள்ளிக்கு விலை கிடைத்தது. கரையில் இருந்த மயிலுக்கும் யாளிக்கும் யார் விலை கொடுத்தார்கள்?

கஷ்ட காலத்தில் விற்கத்தான் வேண்டியிருக்கும். அதில் குற்றம் இல்லை. வேடிக்கை வேறு இடத்தில் இருக்கிறது. அடுத்த மாதமே அந்த வீட்டுப் பெண் கலியாணச் சேலை எடுக்கக் கடைக்குப் போகிறாள். "புது மாதிரியாகக் காட்டுங்கள்" என்கிறாள். கடைக்காரர் ஒரு சேலையை விரிக்கிறார். "பழங்காலக் கரை, அம்மா. இப்போது இதுதான் நாகரிகம்!" என்கிறார். பாட்டியின் சேலையில் இருந்த அதே கரை! விலையோ பல ஆயிரம்.

நிறத்தின் பெயரைக் கேளுங்கள்

நம் ஊரில் நிறங்களுக்கு உள்ள பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். மாம்பழ மஞ்சள், கத்திரிப்பூ நிறம், வெங்காயத் தோல் நிறம், பாக்கு நிறம், கிளிப்பச்சை, மயில் கழுத்து நிறம். பாதி அடுக்களையில் இருந்து வந்தவை. மீதி தோட்டத்தில் இருந்து வந்தவை. நிறம் தேடி யாரும் வெளியூர் போகவில்லை. அரிவாள்மணை முன் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்தார்கள்.

மயில் கழுத்து நிறத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. அது ஒரே சாயம் அல்ல. பாவு நூல் ஒரு நிறம். ஊடை நூல் இன்னொரு நிறம். நீலமும் பச்சையும் இப்படிக் கலக்கும்போது, சேலை அசைந்தால் நிறமும் மாறும். மயிலின் கழுத்து திரும்பும்போது மாறுவதைப் போல!

ஆள் பெயரில் வந்த நிறமும் உண்டு. எம்.எஸ். சுப்புலட்சுமி மேடையில் உடுத்திய நீலச் சேலையைப் பார்த்த பெண்கள் கடையில் போய் அதையே கேட்டார்கள். "எம்.எஸ். புளூ" என்று பெயர் நிலைத்துவிட்டது. அவர் 2004ஆம் ஆண்டில் மறைந்தார். நிறம் மறையவில்லை.

மதுரைச் சுங்குடியின் கதையும் வீட்டுக் கதைதான். துணியைச் சிறு சிறு முடிச்சாக நூலால் கட்டுவார்கள். அப்படியே சாயத்தில் முக்குவார்கள். காய்ந்ததும் முடிச்சை அவிழ்த்தால், சாயம் ஏறாத இடமெல்லாம் புள்ளி! மதுரையில் வாழும் சௌராஷ்டிரப் பெண்கள் வீட்டு வேலைக்கு நடுவே இந்த முடிச்சுகளைக் கட்டினார்கள். வாசலில் வைக்கும் கோலப் புள்ளிதான் சேலையில் ஏறியது என்று சொல்வார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

ருக்மிணி தேவி செய்தது

பழைய சேலையில் புது நாகரிகம் கண்டவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1936ஆம் ஆண்டில் சென்னை அடையாறில் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். நாட்டியப் பள்ளி என்றுதான் பலருக்குத் தெரியும். அங்கே தறியும் ஓடியது!

அந்நாளில் மில் துணியும் சீமைத் துணியும் மலிவாகக் குவிந்தன. பழைய கரைகளை நெய்யச் சொல்லிக் கேட்பார் குறைந்தனர். ருக்மிணி தேவியோ பழைய சேலைகளின் கரையையும் நிறத்தையும் பார்த்து, அவற்றை மறுபடி நெய்யச் செய்தார். மாணவிகள் அதையே உடுத்தினார்கள். மேடையிலும் அதுவே ஏறியது. அகலக் கரை போட்ட அந்தச் சேலைக்குக் "கலாக்ஷேத்திரா சேலை" என்றே பெயர் வந்தது.

சுலபமான வேலை அல்ல அது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்வதைக் "கோர்வை" என்பார்கள். இதற்கு மூன்று நாடா வேண்டும். தறியில் நெசவாளர் ஒருவர். பக்கத்தில் துணைக்கு இன்னொருவர். இருவர் கூலி! செலவு அதிகம் என்பதால்தான் கோர்வை குறைந்துகொண்டே வருகிறது.

காலத்துக்கு ஒரு பூ

உடுப்பு இருக்கட்டும். அலங்காரத்துக்கு மாதத்தைப் பார்த்தாலே போதும். பங்குனி, சித்திரையில் மல்லிகை கொட்டிக் கிடக்கும். வெயிலுக்கு வெளிர் நிறப் பருத்திச் சேலையும் அந்த வெள்ளைப் பூவும் பொருத்தம். மார்கழிக் குளிரில் மல்லிகை அரும்பு குறைந்து, விலை ஏறிவிடும். அப்போதுதான் வேலியில் டிசம்பர் பூ பூக்கிறது! ஊதா நிறம், மணம் இல்லை. காசும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பெண்கள் அதைக் கட்டி, பாவாடையின் நிறத்துக்கு ஏற்ப வைத்துக்கொண்டு போவார்கள்.

மார்கழி வாசலில் சாணி உருண்டை மேல் பூசணிப்பூ. வெள்ளைக் கோலம், சுற்றிச் செம்மண் கரை. ஒரு சேலைக்கு எப்படிக் கரை கட்ட வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல மாதிரி கிடையாது.

கோடை வந்தால் பெண் குழந்தைகளுக்குப் பூத் தைப்பார்கள். பின்னல் முழுவதும் மல்லிகை மொட்டு. பிறகு போட்டோ பிடிக்கும் கடைக்கு அழைத்துப் போவார்கள். முதுகுப் பக்கம் கண்ணாடி வைத்து, முகமும் பின்னலும் ஒருசேர விழும்படி படம் எடுப்பார்கள். அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் பல வீட்டுச் சுவரில் இன்றும் தொங்குகிறது. படத்தில் உள்ள சிறுமி இன்று பாட்டி! பாவாடையின் கரை, பஃப் கை வைத்த சட்டை, காதில் ஜிமிக்கி எல்லாம் அதில் அப்படியே இருக்கின்றன. பேத்திக்கு என்ன தைப்பது என்று திண்டாடும் தாய் அந்தச் சுவரைப் பார்க்கலாம்.

கட்டி வைத்த தொடர்கதை

பரண் மேல் இன்னொரு புதையல் உண்டு. அந்நாளில் வாரப் பத்திரிகையில் தொடர்கதை வந்தால், பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைப்பார்கள். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்த 'பொன்னியின் செல்வன்' எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் இருந்தது. கதைக்கு மணியம் போட்ட படங்களில் கொண்டை ஒவ்வொன்றும் ஒரு தினுசு! 'ஆனந்த விகட'னில் 'தில்லானா மோகனாம்பா'ளுக்குக் கோபுலு படம் வரைந்தார். 1968ஆம் ஆண்டில் அது சினிமாவாக வருமுன்பே மோகனா எப்படி இருப்பாள் என்று வாசகர்களுக்குத் தெரியும். கோயில் கோயிலாகப் போய்ச் சிலைகளை வரைந்தவர் சில்பி. கல்லில் இருக்கும் ஒட்டியாணத்தில் எத்தனை மணி என்பதுகூட அவர் படத்தில் தெரியும்.

சினிமா தந்த நாகரிகம் வேகமாக வரும், வேகமாகப் போகும். 1985ஆம் ஆண்டில் 'பூவே பூச்சூடவா' வந்ததும் கடைவீதி எங்கும் நதியா கம்மல், நதியா வளையல்! அம்மாவின் டப்பாவில் தேடினால் ஒரு ஜோடி இன்னும் கிடைக்கலாம். மகள் அதைப் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனால், "எங்கே வாங்கினாய்?" என்று தோழிகள் கேட்பார்கள்.

பழைய தாளும் கிலோ கணக்கில் போய்விடுகிறது. சேலையாவது, புத்தகமாவது, கொடுப்பதற்கு முன் கரையையும் முந்தியையும் ஒரு படம் எடுத்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? கையில் செல்போன் இருக்கிறதே!

கொடுக்காமல் வைப்பவர்கள் பட்டைப் பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். சில மாதங்களுக்கு ஒரு முறை மடிப்பை மாற்ற வேண்டும். ஒரே மடிப்பில் கிடந்தால் அங்கேதான் இற்றுப்போகும். பூச்சி உருண்டை ஜரிகையில் படக்கூடாது.

இற்றுப்போனாலும் கரை உறுதியாகவே இருக்கும். பாட்டிமார் அதைப் பிரித்தெடுத்து, பேத்திக்குப் பாவாடை தைப்பார்கள். பெண் வளருவாள் அல்லவா? அதனால் அடியில் இரண்டு மூன்று மடிப்பு வைத்துத் தைப்பார்கள். தீபாவளிக்கு ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டால் பாவாடை கணுக்கால் வரை இறங்கும். பிரித்த இடத்தில் மட்டும் துணி வெளுக்காமல், ஒரு கோடு பளிச்சென்று தெரியும். அந்தக் கோடுகளை எண்ணினால், அந்தப் பாவாடை எத்தனை தீபாவளி கண்டது என்று சொல்லிவிடலாம்.