பெம்பர்ஸை விடச் சொல்லிக்கொடுப்பது யார்?

"ரெண்டு வயசு முடிஞ்சிருச்சு, இன்னுமா பெம்பர்ஸ் போடுறீங்க?" சிறு பிள்ளை உள்ள எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கேட்பவர் பெரும்பாலும் தோட்டத்தில் பிள்ளை வளர்த்தவராக இருப்பார்.

எங்கள் வீடு லாபு பக்கம் ஒரு தோட்டத்தில். நான் வேலைக்குச் செனவாங் போகிறேன். கணவருக்கு நீலாய் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மூத்தவள் பள்ளிக்குப் போகிறாள், இளையவன் தாஸ்காவுக்கு. காலை ஆறரைக்குள் நால்வரும் வாசலைத் தாண்டியாக வேண்டும். இந்த ஓட்டத்தில் கழிவறைப் பழக்கத்துக்கு எங்கே நேரம்?

என் மாமியார் பால் மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவாராம். அங்கே ஆயா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, பாதங்களின் மேல் பிள்ளையை அமர்த்தி, "ஸ்ஸ்ஸ்" என்று சத்தம் கொடுப்பார். தூங்கி எழுந்ததும் ஒரு தடவை, வயிறு நிறைந்ததும் ஒரு தடவை. நடக்கத் தொடங்குமுன்பே பிள்ளைகள் பழகிவிடுவார்களாம்.

இது வெறும் பழைய பெருமை இல்லை. கென்யாவின் டிகோ இன மக்கள் பிறந்த சில வாரங்களிலேயே இப்படிப் பழக்கி, ஐந்தாறு மாதத்தில் இரவும் பகலும் நனையாத நிலைக்குக் கொண்டுவருவதாக 1977-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இதற்கு நேர்மாறாக, அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன், பிள்ளை தயாராகும்வரை காத்திருக்கச் சொன்னார். 1962-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் 1,170 பிள்ளைகள். பகலில் நனையாமல் இருக்கப் பழகிய சராசரி வயது 28.5 மாதம். அதற்கு முந்திய ஆண்டுதான் பேம்பர்ஸ் கடைக்கு வந்தது.

இரண்டு வழிக்கும் உள்ள பெரிய வேறுபாடு, நாள் முழுக்க பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் உண்டா என்பதுதான். பிள்ளை எப்போது முகம் சுளிக்கிறது, எப்போது நெளிகிறது என்று கவனித்துப் பழகியவர் ஆயா. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. எங்கள் தோட்டத்து ஆயாக் கொட்டகையும் மூடப்பட்டது. அந்த வேலை இப்போது தாஸ்கா, பாட்டி, பெற்றோர் என்று மூன்று பங்காகிவிட்டது.

மகனுக்கு இரண்டே கால் வயதானபோது, மாதக் கடைசிக்குள் பெம்பர்ஸை விட்டால்தான் அடுத்த பிரிவில் சேர்ப்போம் என்று தாஸ்காவில் சொன்னார்கள். அந்த வாரமே அவன் ஆய் போவதை அடக்கத் தொடங்கினான். திரைச்சீலைக்குப் பின்னால் போய்க் காலைப் பின்னிக்கொண்டு நிற்பான். நான்கு நாள் போகவில்லை. ஐந்தாம் நாள் அழுதுகொண்டே போனதில் லேசாக இரத்தம்.

கிளினிக் மருத்துவர் தெளிவாகச் சொன்னார்: "முதலில் மலச்சிக்கல் சரியாகட்டும். அதுவரை பயிற்சி வேண்டாம்." வலித்தால் பிள்ளை அடக்கும், அடக்கினால் மலம் இறுகி இன்னும் வலிக்கும். மலத்தை இளக்க மருந்து கொடுத்தார். தண்ணீர், பப்பாளி, கீரை கூடுதலாகக் கொடுக்கச் சொன்னார்.

வலி நின்ற பிறகு மூன்று தரப்பும் பேசி ஒரே முறைக்கு வந்தோம். எல்லாரும் "ஆய்", "ஒண்ணுக்கு" என்ற ஒரே சொற்களையே சொல்வது. சாப்பிட்ட கால் மணி நேரத்தில் ஐந்து நிமிடம் உட்கார வைப்பது. சாப்பிட்டதும் குடல் தானாக அசையும். அந்த நேரத்தைத்தான் ஆயா பிடித்திருக்கிறார். சிறிய இருக்கையில் கால் தரையில் பதிய வேண்டும். பெரிய கழிவறை என்றால் காலுக்கடியில் முக்காலி. சுலபமாக இறங்கும் ரப்பர் வைத்த காற்சட்டை. தாஸ்கா பையில் ஐந்து மாற்று ஜட்டி. நனைந்தால் துடைத்துவிட்டு அடுத்த வேலை; அதட்டல் கிடையாது. துவைப்பது கணவர் பொறுப்பு.

எப்போது தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: இரண்டு மணி நேரமாவது நனையாமல் இருப்பது, சொன்னதைப் புரிந்து செய்வது, நனைந்தால் சொல்வது, தானே காற்சட்டையை இறக்கப் பார்ப்பது ஆகியவை நல்ல அடையாளங்கள். வீடு மாறும்போதோ, தம்பி தங்கை பிறக்கும்போதோ தொடங்காமல் தள்ளிப்போடலாம். இரவு நனைவது வேறு கணக்கு. ஐந்து வயதில்கூடப் பல பிள்ளைகள் நனைப்பார்கள். ஆனால் மலத்தில் இரத்தம், ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சல், பழகிய பிள்ளை திடீரென நனைப்பது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மகன் இரண்டு மாதம் தாமதமாக அடுத்த பிரிவுக்குப் போனான். பகலில் பெம்பர்ஸ் இல்லை. இரவில் இன்னும் உண்டு. சாப்பிட்டு முடித்ததும், "பாட்டி, வாங்க" என்று கையைப் பிடித்து இழுக்கிறான்.