சி-3, சி-4: தொண்டு எங்கே முடியுது, தேர்தல் எங்கே ஆரம்பிக்குது?

1992 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு நாலு நாள் முன்னாடி, நியூயார்க் மாநிலத்து தேவாலயம் ஒன்று யுஎஸ்ஏ டுடே பத்திரிகையில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தது. பில் கிளிண்டனுக்கு ஓட்டுப் போடாதீங்க என்பதுதான் சாரம். கீழே தேவாலயத்தின் பெயர், முகவரி, கூடவே இந்த விளம்பரத்துக்கு நன்கொடை தந்தால் வரிச் சலுகை உண்டு என்று ஒரு குறிப்பு! மாட்டாம இருக்குமா? 1995-ல் வரித் துறையான ஐ.ஆர்.எஸ். அதன் வரி விலக்கை ரத்து செய்தது. 2000-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அது சரிதான் என்றது.

காரணம், 501(சி)(3) என்ற சட்டப் பிரிவு. தேவாலயம், அறக்கட்டளை, கல்லூரி எல்லாம் இதில் வரும். இவற்றுக்குக் கொடுக்கும் பணத்தை நன்கொடையாளர் தன் வருமானக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பதிலுக்கு ஒரு முக்கிய நிபந்தனை: எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. 1954-ல் இதைக் கொண்டுவந்தவர் அப்போது செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சன். நியாயம்தான். ஒருத்தருக்கு வரி குறைஞ்சா அந்தச் சுமை மத்தவங்க தலையில்தானே விழும்? அந்தக் காசு ஒரு கட்சியின் பிரசாரத்துக்குப் போகலாமா?

ஆனா பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் இருக்கார்: 501(சி)(4), 'சமூக நல' அமைப்பு. இதுக்குக் கொடுத்தா வரிக் கழிவு கிடையாது, ஆனா அமைப்புக்கு வரி விலக்கு உண்டு. சமூக நலனுக்காக 'மட்டுமே' இயங்கணும்னு சட்டம் சொல்லுது. 1959-ல் வந்த விதி அதை 'முதன்மையாக' என்று ஆக்கியது. கோடில் ஒரு கண்டிஷனை மாத்தின மாதிரி, ஒரே வார்த்தையில் மொத்த அவுட்புட்டும் மாறிப்போச்சு. தேர்தல் வேலை முதன்மையா இல்லாத வரை செய்யலாம். கொடுத்தவர் பெயரை ஊருக்குச் சொல்ல வேண்டாம்.

2010-ல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்த சிட்டிசன்ஸ் யுனைட்டெட் அமைப்பே ஒரு சி-4 தான். வேட்பாளரோடு சேராமல் தனியா எவ்வளவு வேணும்னாலும் செலவழிக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. சூப்பர் பேக் எனப்படும் பிரசார நிதி அமைப்புகள் நன்கொடையாளர் பட்டியலை வெளியிட்டே ஆகணும். ஆனா கொடுத்தது ஒரு சி-4 என்றால், பட்டியலில் அதன் பெயர் மட்டும்தான் வரும். அதுக்குப் பின்னால் இருக்கிற ஆள் வரமாட்டார்.

பெரிய உதாரணம் 2021-ல் நடந்தது. தொழிலதிபர் பாரே சீட், டிரிப் லைட் கம்பெனியின் தன் பங்குகளை முதலில் மார்பிள் ஃப்ரீடம் டிரஸ்ட் என்ற அமைப்புக்குக் கொடுத்தார். அதுக்கப்புறம்தான் கம்பெனி ஈட்டனுக்கு விற்கப்பட்டது. கிடைத்தது சுமார் 160 கோடி டாலர். அவரே வித்திருந்தா மூலதன ஆதாய வரி கட்டியிருக்கணும். பத்திரிகைகளில் இது வந்ததே 2022-ல்தான். அது வலதுசாரிப் பக்கம். ஜனநாயகக் கட்சி ஆதரவு சி-4 ஆன சிக்ஸ்டீன் தர்ட்டி ஃபண்ட் 2020-ல் செலவழித்தது சுமார் 41 கோடி டாலர். அங்கேயும் கொடுத்தவர் பெயர் கிடையாது.

சி-4 அமைப்புகளும் ஆண்டுக் கணக்கு காட்டணும், அதை யார் வேணும்னாலும் பார்க்கலாம். ஆனா அது கைக்கு வரும்போது ஓட்டு எண்ணி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கும்.