வில்லெடுத்த குறிச்சியர்

கல்லாறு வழியாகப் பொன்முடிக்குப் போகும் நம் குடும்பங்கள் ஆற்றையும் அருவியையும் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகின்றன. இந்த மலையின் பழங்குடிகளான காணிக்காரர்களை யாரும் கவனிப்பதில்லை. மலைவாசி என்றால் எதற்கும் அடங்கிப் போகிறவன்னு நம்மில் பலருக்கு எண்ணம். இதே கேரளத்தின் வடக்கே, வயநாட்டின் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

வயநாட்டுக் குறிச்சியர் மலையில் நெல் விளைவிப்பவர்கள், வில்வித்தையில் தேர்ந்தவர்கள். பழசி ராஜா கம்பெனியை எதிர்த்தபோது அவர் பக்கம் நின்றார்கள். 1802 அக்டோபரில் எடச்சன குங்கனும் குறிச்சியர் தலைவர் தலக்கல் சந்துவும் சுமார் 150 பேருடன் பனமரம் முகாமைத் தாக்கி, சுமார் 70 சிப்பாய்களைக் கொன்று, துப்பாக்கிகளைக் கைப்பற்றினார்கள்.

பட்டாளத்தால் மட்டும் காட்டை அடக்க முடியாது என்று கண்ட கம்பெனி, கேப்டன் வாட்சனின் கீழ் 1200 கோல்காரர்களைக் கொண்ட போலீஸ் படையை அமைத்தது. உள்ளூர் ஆட்களை வைத்தே உள்ளூர் ஆட்களை அடக்கும் வழி இது. 1805 நவம்பர் 30 அன்று பழசி ராஜா மாண்டார். சந்துவும் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்.

அத்தோடு முடிந்ததா? இல்லை. 1812-இல் குறிச்சியரும் குறும்பரும் மறுபடி எழுந்தார்கள். காரணம், வரியை நெல்லாக வாங்காமல் பணமாகக் கேட்டதுதான். வியாபாரிக்கு இதன் கஷ்டம் சட்டென்று புரியும். காசு புழங்காத ஊரில் காசு கேட்டால், விளைந்ததை வந்த விலைக்குத் தள்ள வேண்டும். அதுவும் போதாவிட்டால் நிலம் போகும். மார்ச் கடைசியில் மானந்தவாடி, சுல்தான் பத்தேரி முகாம்களை முற்றுகையிட்டார்கள். மைசூர்ப் பக்கமிருந்தும் கடற்கரையிலிருந்தும் படை வந்த பிறகே, மே மாதத்தில் கிளர்ச்சி அடங்கியது. (பத்தேரி என்ற பெயரே, அங்குள்ள எங்கள் சமணக் கற்கோயிலைத் திப்புவின் படை ஆயுதக் கிடங்காக்கியதால் வந்தது.)

கடல் கடந்தும் இதே கதைதான். ஆஸ்திரேலியாவில் சிட்னி அருகே, தம் நிலத்தில் வெள்ளையர் பண்ணை போட்டதை எதிர்த்துப் பழங்குடித் தலைவர் பெமுல்வுய் சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் போராடினார். பனமரம் தாக்கப்பட்ட அதே 1802-இல்தான் அவரும் சுடப்பட்டு இறந்தார். பின்னாளில் குவின்ஸ்லாந்தில், வெள்ளை அதிகாரிகளின் கீழ்ப் பழங்குடிகளையே போலீசாக்கிப் பழங்குடிகள் மீது ஏவினார்கள். கோல்காரர் படையின் கணக்கேதான்!

ஆக, இவர்கள் வில்லெடுத்தது வம்புக்காக அல்ல, வயிற்றுக்காக, நிலத்துக்காக. வயநாடு போகும் அன்பர்கள் பனமரத்தில் சந்துவின் நினைவிடத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அடுத்த முறை கல்லாற்றில் ஒரு காணிக்காரரைக் கண்டால், மரியாதையோடு பேச்சுக் கொடுங்கள்.