பொன்னேரி: பத்திரம் யாருக்கு, பழி யாருக்கு?

2014 ஜூலை 10-ஆம் தேதி. அன்றைய நிதியமைச்சர் அருண் ஜெட்லி நாடாளுமன்றத்தில் பட்ஜெட் வாசிக்கிறார். சென்னை - பெங்களூரு தொழில் வழித்தடத்தில் மூன்று புதிய ஸ்மார்ட் நகரங்களுக்குத் திட்டம் தயாராகும் என்கிறார். கர்நாடகத்தில் துமகூரு, ஆந்திரத்தில் கிருஷ்ணபட்டினம், தமிழ்நாட்டில் பொன்னேரி.

அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. தச்சூர் கூட்டுச்சாலையிலிருந்து பழவேற்காடு போகும் வழியெங்கும் நெல் வயல்களில் மஞ்சளும் வெள்ளையும் பூசிய கற்கள் முளைத்தன. முகப்பில் ஒரு சிமென்ட் வளைவு, அதில் ஏதோ ஒரு 'நகர்', உள்ளே செம்மண் சாலை, இருபுறமும் காய்ந்துபோன தென்னங்கன்றுகள். ஞாயிற்றுக்கிழமைதோறும் சென்னையிலிருந்து வேன்களில் ஆட்களை அழைத்து வந்து, மதியச் சாப்பாடு போட்டு, மனை காட்டினார்கள். 'ஸ்மார்ட் சிட்டிக்கு மிக அருகில்', 'முன்பணம் கட்டினால் தங்கக் காசு' என்று தொலைக்காட்சியில் விளம்பரங்கள் ஓடின.

2020 டிசம்பர் இறுதியில் மத்திய அமைச்சரவை தொழில் நகரங்களுக்கு ஒப்புதல் அளித்தது. அந்தப் பட்டியலில் கிருஷ்ணபட்டினமும் துமகூருவும் இருந்தன, பொன்னேரி இல்லை. ஆனால் பொன்னேரியின் பெயரைச் சொல்லி விற்ற மனைகளுக்கு மாதத் தவணை கட்டுகிறவர்கள் இருந்தார்கள்.

வீட்டுச் சந்தை ஏறும்போது யார் சம்பாதிக்கிறார்கள், விழும்போது யார் தலையில் விழுகிறது என்பதைப் பார்க்க அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. பொன்னேரியும் பழவேற்காடும் கும்மிடிப்பூண்டியும் சேர்ந்த இந்தச் சிறிய வட்டாரமே போதும்.

மோசடி நடக்கும் விதம்

மனை மோசடிக்குத் துப்பாக்கி வேண்டாம், முத்திரைத்தாள் போதும். இறந்துபோனவர் உயிரோடு இருப்பதாகக் காட்டி ஆள்மாறாட்டம் செய்து கிரயம் எழுதுவது ஒரு வகை. பவர் பத்திரம் ரத்தான பிறகும் அதை வைத்தே விற்பது இன்னொரு வகை. வாரிசுகளில் ஒருவரை மறைத்துவிட்டு மற்றவர்கள் கையெழுத்துப் போடுவது, ஒரே மனையை இரண்டு பேருக்கு விற்பது, ஏரி உள்வாய்க்கும் வாய்க்கால் கரைக்கும் சர்வே எண்ணை மாற்றிக் காட்டுவது என்று பட்டியல் நீளும்.

'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற சொல்லை நம்பி ஏமாந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் அரசின் நகரமைப்பு அமைப்புகளான டி.டி.சி.பி.க்கும் சி.எம்.டி.ஏ.வுக்கும்தான் உண்டு. ஊராட்சித் தலைவர் வைத்த ரப்பர் ஸ்டாம்புக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. ஆனால் மஞ்சள் பையில் அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் பலர் ஊர் திரும்பினார்கள்.

இதன்மேல் ஏறி உட்காருவது கடன் மோசடி. தரகர் ஒருவர் போலிச் சம்பளச் சான்று தயாரிக்கிறார். மதிப்பீட்டாளர் பத்து லட்சம் பெறாத மனையை இருபது லட்சம் என்று எழுதுகிறார். கிளையில் ஒருவர் கண்ணை மூடிக்கொள்கிறார். தாய்ப்பத்திரத்தின் நகலை அசல்போல் அச்சடித்து, ஒரே சொத்தை வைத்து இரண்டு வங்கிகளில் கடன் வாங்கியவர்களும் உண்டு. இப்படி நடக்காமல் தடுக்கத்தான் 2011-இல் 'செர்சாய்' என்ற மத்தியப் பதிவேடு தொடங்கப்பட்டது. எந்தச் சொத்து எந்த வங்கியில் அடமானத்தில் இருக்கிறது என்று அதில் பார்க்கலாம்.

பத்திரப் பதிவு ஆகிவிட்டது, இனி பயமில்லை என்று நினைப்பதுதான் நம் மக்கள் செய்யும் பெரிய தவறு. பத்திரம் எழுதிக்கொடுப்பவருக்கு உண்மையில் உரிமை இருக்கிறதா என்று விசாரிக்கும் அதிகாரம் சார்பதிவாளருக்கு இல்லை என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டின் பதிவு விதி ஒன்றை ரத்து செய்தபோது தெளிவாகச் சொல்லிவிட்டது. பதிவு அலுவலகம் ஆவணத்தைப் பதிகிறது, உரிமைக்கு உத்தரவாதம் தருவதில்லை.

விழுந்த சந்தை

2016 செப்டம்பர் 9-ஆம் தேதி, 'யானை' ராஜேந்திரன் தொடர்ந்த பொதுநல வழக்கில், அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. விளைநிலமும் நீர்நிலையும் கண்மூடித்தனமாக மனைகளாவதைத் தடுக்க வந்த உத்தரவு அது. இரண்டு மாதத்தில், நவம்பர் 8-ஆம் தேதி இரவு, பணமதிப்பிழப்பும் வந்தது. ரொக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த மனை வியாபாரம் நின்றுபோனது. பதிவு அலுவலகங்கள் வெறிச்சோடின. 2017 ஜூனில் அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்துப் பார்த்தது, கூடவே பதிவுக் கட்டணத்தை ஒரு சதவீதத்திலிருந்து நான்காக ஏற்றியது.

2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளை வரன்முறை செய்துகொள்ள பிறகு வழி பிறந்தது. அதற்கான கட்டணத்தைப் பெரும்பாலும் வாங்கியவரே கட்ட வேண்டியிருந்தது. நீர்வழியில் இருக்கும் மனைக்கு அந்த வழியும் கிடையாது. கல் நட்டவர் பணத்தோடு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். வாங்கிய ஆட்டோ ஓட்டுநரும் ஆலைத் தொழிலாளியும் வீடு கட்ட முடியாத நிலத்துக்குச் சொந்தக்காரர்களாக நின்றார்கள்.

ஆளே இல்லாத கடன்கள்

பெரிய மோசடி எங்கே நடந்தது என்பதையும் பார்ப்போம். 2018 செப்டம்பரில் ஐ.எல்.எஃப்.எஸ். என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் தடுமாறியதும், வீட்டுக்கடன் நிறுவனங்களுக்குப் பணவரத்து வறண்டது. நாட்டின் பெரிய வீட்டுக்கடன் நிறுவனங்களில் ஒன்றான டி.எச்.எஃப்.எல். சாய்ந்தது. 2019 நவம்பரில் ரிசர்வ் வங்கி அதன் இயக்குநர் குழுவைக் கலைத்தது.

2021 மார்ச்சில் சி.பி.ஐ. பதிவு செய்த வழக்கு இது: மும்பை பாந்த்ராவில் இல்லாத ஒரு கிளையின் பெயரில் சுமார் 2.6 லட்சம் போலி வீட்டுக்கடன் கணக்குகள் உருவாக்கப்பட்டன. அவற்றில் காட்டப்பட்ட தொகை 14,046 கோடி ரூபாய். ஏழைகள் வீடு கட்டுவதற்காக வந்த பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் வட்டி மானியத்திலும் 1,880 கோடி ரூபாய் கோரப்பட்டது என்பது குற்றச்சாட்டு. அந்தக் கணக்குகளில் கடன் வாங்கியவர் கிடையாது, கட்டிய வீடும் கிடையாது.

அமெரிக்காவிலும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிது. வருமானச் சான்று கேட்காமலே வங்கிகள் கடன் கொடுத்தன. அந்தக் கடன்களை மூட்டை கட்டி உலகச் சந்தையில் விற்றன. 2008 செப்டம்பர் 15-ஆம் தேதி லேமன் பிரதர்ஸ் திவாலானது. உடனே அங்கே ஒரு குரல் எழுந்தது: ஆவணமில்லாமல் எல்லை தாண்டி வந்தவர்களுக்குக் கடன் கொடுத்ததால்தான் எல்லாம் கெட்டது என்று. வரி அடையாள எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டுக்கடன் வாங்கிய குடியேறிகள் இருந்தார்கள்தான். மொத்தச் சந்தையில் அவர்கள் பங்கு மிகச் சிறியது. 2011 ஜனவரியில் அமெரிக்க அரசின் நிதி நெருக்கடி விசாரணைக் குழு, இது தவிர்த்திருக்கக்கூடிய நெருக்கடி என்று சொல்லி, மேற்பார்வை அமைப்புகளையும் நிதி நிறுவனங்களின் நிர்வாகத்தையும் கைகாட்டியது. அடமானப் பத்திர விவகாரத்தில் ஜே.பி. மார்கன் 2013-இல் 1,300 கோடி டாலருக்கும், பாங்க் ஆஃப் அமெரிக்கா 2014-இல் 1,665 கோடி டாலருக்கும் அரசுடன் சமரசம் செய்துகொண்டன. எல்லை தாண்டி வந்த கூலித் தொழிலாளி கட்டிய தொகை அல்ல அது.

குப்பத்தில் ஒரு வீடு

இப்போது பழவேற்காட்டுக்கு வாருங்கள். சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. டச்சுக்காரர்கள் 1613-இல் கோட்டை கட்டிய துறை. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் வரிசையாகக் குப்பங்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளம் வந்தபோது அங்கிருந்து எழுப்பப்பட்ட மீனவக் குடும்பங்களில் ஒரு பகுதியினரும் இந்தக் கரையில்தான் வந்து குடியேறினார்கள். தெற்கே காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளம் வந்தபோது அந்த மீனவக் கிராமமும் இடம்பெயர்க்கப்பட்டது.

ஒரு வீட்டுக்குள் போனால் ரேஷன் கார்டு இருக்கும். வாக்காளர் அட்டை இருக்கும். மின் கட்டண ரசீதும் வீட்டு வரி ரசீதும் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். மூன்று தலைமுறையாக அதே இடம். இல்லாதது ஒன்றுதான்: பட்டா. பல இடங்கள் புறம்போக்கு என்று கணக்கில் இருக்கின்றன. பறவைகள் சரணாலய எல்லை ஒரு பக்கம், கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி இன்னொரு பக்கம். மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவையைக் கடலோர மேலாண்மைத் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று 2011 அறிவிக்கையே சொன்னது. அந்த வரி காகிதத்திலிருந்து குப்பத்துக்கு வந்து சேரவில்லை.

பட்டா இல்லாத வீட்டை வங்கி அடமானமாக ஏற்காது. ஓடு மாற்ற வேண்டும் என்றாலும், மகளுக்குக் கல்யாணம் என்றாலும், போட் எஞ்சின் பழுது என்றாலும் நகையை அடகு வைக்க வேண்டும். நகை தீர்ந்தால் மீட்டர் வட்டி. இல்லாவிட்டால் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, பிடிக்கும் மீனை அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும்.

இவர்களுக்கு ஒழுங்கு தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைக் குலுக்கல் போட்டு முறை வைக்கும் 'பாடு' பல தலைமுறையாக இங்கே நடக்கிறது. பாடு முறையில் சேராத மக்களுக்கு அதில் இடமில்லை என்ற நியாயமான குறையும் அதன்மேல் உண்டு. ஆனாலும் பதிவு அலுவலகமோ முத்திரைத்தாளோ இல்லாமல் தண்ணீரையே பங்கிட்டுக்கொண்ட மக்கள், தாங்கள் குடியிருக்கும் மண்ணுக்கு ஒரு தாள் வாங்க முடியாமல் நிற்கிறார்கள்.

முகாமில் ஒரு தலைமுறை

பொன்னேரிக்கு அடுத்த தாலுகா கும்மிடிப்பூண்டி. அங்கே இருப்பது தமிழ்நாட்டின் பெரிய இலங்கைத் தமிழர் முகாம்களில் ஒன்று. 1983-க்குப் பிறகு அலை அலையாகப் படகேறி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் வாழ்கிறார்கள். ஏறக்குறைய 58,000 பேர். 2003-இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டப்படி, செல்லத்தக்க கடவுச்சீட்டு இல்லாமல் வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி'. குண்டுக்குத் தப்பிப் படகில் ஏறியவருக்கும் அதே பெயர்தான். 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவே இல்லை.

இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இந்தியாவில் அசையாச் சொத்து வாங்க முடியாது. ஐந்தாண்டுக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டும் இடம் உண்டு. முகாமில் பிறந்து, இங்கேயே பொறியியல் படித்து, சென்னையில் வேலை பார்க்கும் இளைஞர் மாதச் சம்பளம் வாங்கலாம், வீட்டுக்கடன் வாங்க முடியாது. சேமித்த பணத்தில் ஒரு மனை வாங்க வேண்டுமென்றால் தெரிந்தவர் பெயரில்தான் எழுத வேண்டும். அந்தத் தெரிந்தவர் மனம் மாறினால் நீதிமன்றத்துக்கும் போக முடியாது, ஏனென்றால் பினாமிச் சட்டம் குறுக்கே நிற்கும். ஏமாற்றுகிறவனுக்கு இதைவிடத் தோதான இரை கிடைக்குமா?

சில கதவுகள் திறந்திருக்கின்றன. 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சுமார் 317 கோடி ரூபாய்க்குத் திட்டங்களை அறிவித்தார். பழுதடைந்த 7,469 வீடுகளுக்குப் பதிலாகப் புதிய வீடுகள் கட்டுவது அதில் முக்கியமானது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9-ஆம் தேதி வரை வந்து தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் புதிய குடியேற்றச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தது. தண்டனை இல்லை என்பது ஆறுதல்தான். குடியுரிமை இன்னும் வரவில்லை.

செய்ய வேண்டியவை

மனை வாங்குகிறவர்களுக்கு முதலில் ஒரு சொல். குறைந்தது முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்று பாருங்கள். தாய்ப்பத்திரத்தின் அசலைக் கையில் வாங்கிப் படியுங்கள். பட்டா, சிட்டா, புல எண் வரைபடம் மூன்றையும் நிலத்தோடு ஒப்பிடுங்கள். நான்கு எல்லையிலும் நடந்து பாருங்கள், மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பவர் பத்திரத்தின் பேரில் விற்றால் அதைக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, ரத்து செய்தாரா என்று விசாரியுங்கள். வங்கி கடன் கொடுத்துவிட்டது என்பதை மட்டும் வைத்து நிலம் சுத்தமானது என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு வழக்கறிஞருக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாய், வாழ்நாள் சேமிப்பைக் காப்பாற்றும்.

அடுத்து அரசுக்கு. மூன்று தலைமுறை குடியிருந்த குப்பத்து வீடுகளுக்குப் பெண்கள் பெயரையும் சேர்த்துப் பட்டா கொடுங்கள். முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை கொடுங்கள். அதுவரைக்கும் ரிசர்வ் வங்கி அவர்களுக்கு ஒரு பொது அனுமதி வழங்கினால் ஒரு வீடாவது சொந்தப் பெயரில் வாங்கிக்கொள்வார்கள். போலிப் பத்திரம் எழுதியவரோடு, கண்ணை மூடிக்கொண்டு மதிப்பீடு கொடுத்தவரையும் கடனுக்குக் கையெழுத்துப் போட்ட அதிகாரியையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துங்கள்.

இன்னொரு முறை சந்தை விழும். அப்போதும் வெளியூர்க்காரன், அகதி, புறம்போக்கில் குடியிருப்பவன் என்று யாரையாவது கைகாட்டுவார்கள். அவர்களைத் திட்டுவதற்கு முன்னால் கடன் பணம் கடைசியில் எந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்தது என்று கேளுங்கள். அந்தக் கணக்கு குப்பத்திலோ முகாமிலோ இருக்காது.