அணையாத விளக்கும் எரியாத விளக்கும்

பழைய மோட்டார் வண்டி ஒன்றை விலைக்கு வாங்குவோர் முதற்கண் நோக்குவன அதன் வர்ணம், டயர்களின் தேய்மானம், ஓடிய கிலோமீட்டர்க் கணக்கு, ஆர்.சி. புத்தகத்திலுள்ள பெயர் ஆகிய இவையே. டாஷ்போர்டிலே மினுக்கி மறையும் சிறு விளக்குகளை ஊன்றிப் பார்ப்பவர் மிகச் சிலர். யாமும் அச்சிலருட் சேர்ந்தவராக இருந்திலேம். அதனால் எய்திய அநுபவத்தையும், அதன் வாயிலாகக் கற்ற விஷயங்களையும், நம் கல்லூரி மாணவர்களுக்கும், தொழிலில் அமர்ந்து முதன்முறையாக வண்டி வாங்கும் பழைய மாணவர்களுக்கும் பயன்படுமாறு ஈண்டு எழுதத் துணிந்தோம்.

சில திங்களுக்கு முன், திருநீர்மலையிலுள்ள எம் இல்லத்துக்கென்று பத்தாண்டு ஓடிய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினோம். விற்றவரிடம், "விளக்கு ஏதேனும் எரிகின்றதா?" என்று வினவினோம். "ஒன்றும் எரியவில்லை, நீங்களே பாருங்கள்" என்றார். பார்த்தோம், ஒன்றும் எரியவில்லை. மனம் மகிழ்ந்து பணத்தைக் கொடுத்தோம். பதினோராம் நாள் மாலை குரோம்பேட்டையிலிருந்து வீடு திரும்புங்கால், யந்திரத்தின் உருவம் பொறித்த மஞ்சள் விளக்கொன்று எரியலாயிற்று. வண்டியும் குளிர்காய்ச்சல் கண்டவன்போல் உதறிற்று. முதலிற் கொண்டு சென்ற பட்டறையிலே, "கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது, மாற்றுவதற்கு நாற்பதாயிரம் ரூபாய் ஆகும்" என்றனர். அவ்விரவு யாம் உறங்கவில்லை.

இவ்விளக்குகள் எதற்காக ஏற்பட்டன என்பதை முதலில் அறிதல் வேண்டும். முற்காலத்து வண்டிகளில் ஓட்டுநரே காதாலும் மூக்காலும் கையாலும் யந்திரத்தின் நோயை அறிந்தனர். பெட்ரோலையும் காற்றையும் அளந்து கலக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்ட பின்னர், நோயை அறியும் வேலையும் அதனிடமே சென்றது. புகையினால் காற்று கெடுவதைத் தடுக்கும் பொருட்டு, அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாகாணம் 1988ஆம் ஆண்டு மாதிரி வண்டிகள் தம் குறையைத் தாமே அறிந்து விளக்கின் மூலம் தெரிவித்தல் வேண்டும் என்று விதித்தது. 1996இல் அந்நாட்டுக் கார்கள் யாவற்றுக்கும் ஒரேவிதமான முறையும் ஒரேவிதமான இணைப்பும் ஏற்பட்டன. நம் நாட்டிலே பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு 2010 ஏப்ரல் முதல் இம்முறையின் முதற்படியும், 2013 ஏப்ரல் முதல் இரண்டாம் படியும் வந்தன. ஆகவே இன்று சந்தையிலே கிடைக்கும் பழைய கார்களிற் பெரும்பாலானவற்றில், ஸ்டியரிங்கின் கீழே பதினாறு துளைகளுடைய சிறு இணைப்பு ஒன்று உண்டு. ஸ்கேனர் என்னும் கருவியை அதிற் செருகினால், வண்டி தன் நோயைக் குறியீட்டெண்ணாகக் கூறும்.

இனி விளக்குகளின் வர்ணத்தைக் காண்போம். சிவப்பு எரிந்தால், பத்திரமான இடத்தில் உடனே நிறுத்துக என்பது பொருள். மஞ்சள் எரிந்தால், நிதானமாகச் சென்று விரைவிற் காட்டுக என்பது பொருள். பச்சையும் நீலமும் செய்தி கூறுவனவேயன்றி எச்சரிப்பன அல்ல.

சிவப்பு விளக்குகளுள் எண்ணெய்க் குடுவை வடிவமுடையதே மிகக் கொடியது. அஃது எண்ணெயின் அளவைக் காட்டுவதன்று. எண்ணெயின் அழுத்தம் குறைந்ததைக் காட்டுவது. அளவு சரியாயிருந்தும் பம்பு கெட்டால் அழுத்தம் இராது. அழுத்தம் இல்லையேல் உலோகம் உலோகத்தோடு உராயும். சில நிமிஷங்களில் யந்திரம் பாழாகும். வீடு அருகில்தானே என்று ஒரு பர்லாங்கு கூட ஓட்டலாகாது. உஷ்ணமானி வடிவ விளக்கு, யந்திரத்தைக் குளிர்விக்கும் கூலன்ட் கொதிப்பதைத் தெரிவிக்கும். அப்பொழுது வண்டியை நிறுத்தி ஆறவிட வேண்டுமேயன்றி, ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் கூடாது. அழுத்தத்தில் அடைபட்ட நீர் நூறு டிகிரிக்கு மேலும் கொதியாமல் இருந்து, மூடி திறந்த கணத்தில் ஆவியாய்ப் பொங்கி முகத்தைச் சுட்டுவிடும். பேட்டரி வடிவ விளக்கு எரிந்தவுடன் புதிய பேட்டரி வாங்கும் அன்பர்களை அறிவோம். அவ்விளக்கு பேட்டரிக்கு மின்சாரம் ஏறவில்லை என்பதையே கூறும். குற்றம் ஆல்டர்நேட்டரிலோ, அதைச் சுழற்றும் பெல்ட்டிலோ இருக்கலாம். பிரேக் விளக்கு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்த பின்னும் எரிந்தால், பிரேக் ஆயில் குறைந்திருத்தல் கூடும். பிரேக் பேட் தேயத் தேய அவ்வாயிலின் மட்டம் தாழும். கசிவு இருந்தாலும் தாழும். காரணத்தைக் காணாமல் ஆயிலை மட்டும் ஊற்றுவது நோயை மறைப்பதாகும். சிவப்புப் பிரேக் விளக்கும் மஞ்சள் ஏ.பி.எஸ். விளக்கும் சேர்ந்து எரியுமாயின், அவ்வண்டியை ஓட்டாமல் இழுத்துச் செல்லும் வண்டியை அழைப்பதே அறிவுடைமை.

மஞ்சள் விளக்குகளுள் யாம் கண்ட யந்திர விளக்கு இருவகையாக எரியும். அசையாது எரிந்தால் சில நாட்களுக்குள் காட்டலாம். விட்டுவிட்டு மினுக்கினால், சிலிண்டர் ஒன்றில் பெட்ரோல் எரியாமல் வெளியேறுகின்றது என்பது பொருள். அப்பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரிற் சென்று எரிந்து அதை உருக்கிவிடும். விலையுயர்ந்த அவ்வுறுப்பைக் காக்க விரும்புவோர் மேலும் ஓட்டலாகாது. பாரத் ஸ்டேஜ் 6 டீசல் வண்டிகளிற் காணப்படும் கரி வடிகட்டி விளக்கு மற்றொரு வகை. கடைவீதிக்கும் பள்ளிக்குமாகச் சிறு தூரமே ஓடும் வண்டியில் கரி எரிந்து தீருவதற்குரிய உஷ்ணம் உண்டாவதில்லை. கையேட்டிற் சொல்லியவாறு புறவழிச் சாலையிலே சிறிது நேரம் சீரான வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் அவ்விளக்கு தானே அணையும். இதனை அறியாதவர் வீண் செலவு செய்வர்.

எம் வண்டிக்கு மீள்வோம். மறுநாள் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் ஸ்கேனரைச் செருகி, "பி 0303" என்னும் எண்ணைக் காட்டினார். மூன்றாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பதே அதன் பொருள். கம்ப்யூட்டர் இதனை எவ்வாறு அறிந்தது? ஒவ்வொரு சிலிண்டரும் எரியுந்தோறும் கிராங்க் தண்டு சிறிதே விரைந்து சுழலும். ஒன்று எரியாதபோது அவ்விரைவு தவறும். தண்டின் அருகிலுள்ள சென்சார் அத்தவற்றைக் கண்டுகொள்ளும். எனினும் காரணம் பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா என்பதை அவ்வெண் கூறாது. எண் இடத்தைக் காட்டும். காரணத்தை மனிதன்தான் காண வேண்டும். மெக்கானிக் மூன்றாம் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை முதற் சிலிண்டருக்கும், முதலதை மூன்றாவதற்கும் மாற்றிப் பூட்டினார். எண்ணை அழித்துச் சிறிது தூரம் ஓட்டினார். இப்பொழுது வந்த எண் "பி 0301". நோய் காயிலோடு இடம்பெயர்ந்தது! புதுக் காயில் ஒன்று பூட்டப்பெற்றது; செலவு மூவாயிரத்துக்குள் அடங்கிற்று. வகுப்பறையிலே ஒரு காரணத்தை மட்டும் மாற்றி மற்றவற்றை மாற்றாது சோதிக்கும் முறையைப் பலகாலும் கேட்டுள்ளோம். அதனை எண்ணெய்க் கறை படிந்த கைகளிற் கண்டபொழுதுதான் அதன் அருமையை உணர்ந்தோம்.

மகிழ்ச்சியோடு புறப்படலுற்றபோது அம்மெக்கானிக், "சார், இந்த வண்டியில் ஏர்பேக் விளக்கு எரிவதே இல்லையே, கவனித்தீர்களா?" என்றார். எரியாதிருத்தல் நன்றுதானே என்று யாம் நினைத்தோம். அவர் விளக்கினார். சாவியைத் திருப்பி, யந்திரத்தைக் கிளப்பாமல் நிறுத்தினால், எச்சரிக்கை விளக்குகள் ஒருமுறை எரிந்து காட்டுதல் வேண்டும். தம் கண் திறந்திருப்பதை அவை மெய்ப்பிக்கும் முறை அஃது. எம் வண்டியில் ஏர்பேக் விளக்கு மட்டும் அப்பொழுதும் இருண்டே கிடந்தது. மீட்டர்ப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தால், அவ்விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டப்பட்டிருந்தது. நடுவிலுள்ள கன்சோலின் அடியிற் பொருந்திய ஏர்பேக் கருவியின் இணைப்பிலே பச்சைக் களிம்பு. தரைவிரிப்பின் கீழே மாவு போன்ற வண்டல். வண்டி வெள்ளத்தில் மூழ்கி எழுந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? இத்தனை நாட்களாக எம் இல்லத்தாரும் பிள்ளைகளும் ஏறிச் சென்றது, மோதினால் விரியாத ஏர்பேக்கை நம்பி! விற்றவரைத் தேடிச் சென்று கேட்டோம். "விளக்கு எரிகின்றதா என்றுதானே கேட்டீர்கள்? ஒன்றும் எரியவில்லையே" என்றார். அவர் மொழியிற் பொய்யில்லை. எம் வினாவில்தான் குறையிருந்தது.

இதனை எம் ஒருவருக்கு நேர்ந்த விபத்தென்று தள்ளிவிடலாகாது. நீர் சூழ்ந்த மலை என்பதே நம் ஊரின் பெயர். திருமங்கையாழ்வார் இங்கு வந்தகாலை மலையை வெள்ளம் சூழ்ந்திருந்தமையால், அது வடியுமட்டும் ஆறு திங்கள் காத்திருந்து தரிசித்தார் என்பது வைணவர் வழக்கு. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் வந்து சேர்வதும் திருநீர்மலைப் பக்கத்திலேயே. 2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய இடங்கள் நீரில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இப்பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. அவ்வெள்ளங்களில் நின்ற வண்டிகள் பல. அவை கழுவித் துடைக்கப்பெற்று எவ்வூர்ச் சந்தைக்கும் செல்லக்கூடும். நீர் வடிந்தாலும் இணைப்புக்களிற் புகுந்த ஈரம் பல திங்கள் கழித்தே களிம்பாகித் தன் வேலையைச் செய்யும். தாழ்ந்த இடத்திலுள்ள ஏர்பேக் கருவியும், சக்கரங்களருகிலுள்ள ஏ.பி.எஸ். சென்சார்களும் அதனாற் கெடுதல் இயல்பு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத விளக்குகள் பல மாறிமாறி எரியும் பழைய வண்டியைக் கண்டால் வெள்ளத்தை நினைத்தல் வேண்டும்.

ஆகவே வாங்குவோர் செய்யத்தக்கன சில கூறுவோம். யந்திரம் ஆறியிருக்கும் காலையிற் சென்று, சாவியைத் திருப்பிக் கிளப்பாமல் நிறுத்தி, கையேட்டிற் கண்ட எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிகின்றனவா என்று எண்ணுக. பெரும்பான்மை வண்டிகளில் ஏர்பேக் விளக்கு சில விநாடிகளில் தானே அணையும். எண்ணெய் விளக்கும் பேட்டரி விளக்கும் யந்திரம் கிளம்பிய பின்னரே அணையும். ஏர்பேக் விளக்கும் எண்ணெய் விளக்கோடு அதே கணத்தில் அணையுமாயின், இரண்டையும் ஒரே கம்பியில் இணைத்து ஏமாற்றியிருத்தல் கூடும். அடுத்து, நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை ஸ்கேனரோடு உடன் அழைத்துச் செல்க. குறியீட்டெண் ஒன்றும் இல்லை என்பதனால் மட்டும் மகிழற்க. எண்களை முன்னாள் இரவே அழித்திருக்கலாம். வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் சோதனைகள் முடிந்தனவா என்பதையும், பல வண்டிகளில் எண்களை அழித்தபின் எத்தனை கிலோமீட்டர் ஓடிற்று என்பதையும் ஸ்கேனர் காட்டும். சோதனைகள் முடியாமலும், ஓடிய தூரம் பத்தே கிலோமீட்டராயும் இருந்தால், அழித்தது எதற்காக என்று கேட்க. சீட் பெல்ட்டை முழுதும் வெளியே இழுத்து நீர்க்கறை உண்டா என்றும், ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல் உண்டா என்றும், சீட்டின் அடி இரும்புகளில் துரு உண்டா என்றும் காண்க. வாங்கிய பின்னர் விளக்கு எரிந்தால், எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் அழிக்க விடற்க. காரணம் கண்டபின்னரே உறுப்பை மாற்றச் சொல்லுக. மாற்றிய பழைய உறுப்பைக் கேட்டுப் பெறுக.

எம் வண்டியின் ஏர்பேக் கருவி மாற்றப்பெற்றது. அதற்கான செலவு, முதற் பட்டறை கேட்ட நாற்பதாயிரத்தில் ஏறக்குறையப் பாதியாயிற்று. இப்பொழுது சாவியைத் திருப்புந்தோறும் அவ்விளக்கு எரிந்து அணைவதைப் பிள்ளைகளே எண்ணிச் சொல்கின்றனர். என்றேனும் ஒருநாள் இவ்வண்டியை யாமும் விற்க நேரும். அப்பொழுது வாங்க வருவோர் சரியான வினாவைக் கேட்க அறியாதவராயும் இருக்கலாம். வெள்ளத்தில் மூழ்கிய செய்தியையும், மாற்றிய உறுப்புக்களையும், மாற்றாதவற்றையும் ஒரு தாளில் எழுதி ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துள்ளோம். விலை சிறிது குறையும், குறையட்டும். அவ்வண்டியிலும் யாரோ ஒருவருடைய பிள்ளைகள் ஏறிச் செல்வர்.