காணி உறுதியும் ஸ்கானரும்

இடம்பெயரும்போது றங்குப்பெட்டியில் நாம் முதலில் வைப்பது காணி உறுதிதான். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது அந்தப் பெட்டிகளும் நனைந்தன.

ஸ்கானர் தாளைப் படமாக்கிக் கணினிக்கு அனுப்பும் கருவி. தாளை உள்ளே இழுக்கும் வகை வேகமானது. ஆனால் மடிப்பில் கிழிந்த உறுதியை அதில் விடவேண்டாம், சிக்கிக்கொள்ளும். போட்டோக்கொப்பி மெசின்போலக் கண்ணாடியில் கவிழ்த்து வைக்கும் வகையே நல்லது. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் போதும். மங்கிய முத்திரையென்றால் 600 கேளுங்கள். தைத்த புத்தகங்களுக்கு மேலிருந்து படம்பிடிக்கும் வகையும் உண்டு. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கான் செய்து காக்கும் 'நூலகம்' இணைய நூலகம் 2005இல் தொடங்கியது.

ஸ்கான் பிரதி உறுதியாகாது, மூலத்தை எறிந்துவிடாதீர்கள். ஆனால் மூலம் தொலைந்தால், பிரதியிலுள்ள உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், திகதி ஆகியவற்றைக் காட்டிக் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப் பிரதி கேட்கலாம். பெமிற் காணியென்றால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.